நூல் கட்டிய பிரஷ்

"ஏனுங்க, அந்த நூல் கட்டின என்ற பிரஷை எடுத்துக் குப்பையில போட்டுருங்க. மூணு மாசமாச்சு. பால் வாங்கிட்டு வர்றப்பப் புதுசும் வாங்கிட்டு வந்துர்றனுங்க" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று என் வீட்டுக்காரர் சொன்னார், நான் உள்ளே வாய் நிறைய நுரையோடு "ம்ம்" என்றேன். தினமும் ஐந்து ஐம்பதுக்கெல்லாம் பால் வாங்கப் போய்விடுகிற மனிதர், இன்றைக்குச் செருப்பு ஒன்று கட்டிலுக்கடியில் போய்விட்டதால் ஆறு பத்து ஆகியிருந்தது, இல்லாவிட்டால் அவர் வீட்டில் இருக்கும்போது நான் பல் விளக்கவே மாட்டேன், யார் முன்னாலும் விளக்க மாட்டேன், கதவு சாத்தியிருந்தாலும் மாட்டேன், அந்தச் சத்தம் இன்னொருவர் காதில் விழக்கூடாது. படியிறங்கும் ஓசை, கேட்டின் கொண்டி, அப்புறம் அமைதி. நான் மேல்வரிசை முடித்துக் கீழ்வரிசைக்கு வந்துவிட்டேன். இடது கடைவாயில் இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் அவர் சொன்னது நிதானமாக உள்ளே வந்து உட்கார்ந்தது. நூல் கட்டின என்ற பிரஷ். என்ற என்றால் இந்த ஊரில் என்னுடைய என்று அர்த்தம், முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். என்ற வண்டி, என்ற தங்கச்சி, என்ற பிரஷ். நான் கையை நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். என் வாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த பச்சைக் காம்பின் கழுத்தில் சிவப்பு நூல் மூன்று சுற்றுச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டிருந்தது.

துப்பவா விழுங்கவா என்று ஒரு கணம் தெரியவில்லை, துப்பினேன், திரும்பத் துப்பினேன், சொம்பு சொம்பாகத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தேன், அப்புறம் கொப்பளித்து என்ன ஆகப்போகிறது, இன்றைக்கு ஒரு நாளா, மூன்று மாதம், மூன்று மாதம் எட்டு நாள், கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து இந்த நூல் கட்டிய பிரஷில்தான் பல் விளக்குகிறேன், நூல் எனக்காகத்தான் கட்டப்பட்டது என்று நினைத்தேன், கட்டியவரே சொன்னார், என் காதால் கேட்டேன். கேட்டேனா? அன்றைக்கு அடுக்களையில் நின்றிருந்தேன். தாராபுரத்துக்கு வந்து முதல் சமையல், புது அடுப்பு, குக்கர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அவர் கடையிலிருந்து இரண்டு பிரஷ் வாங்கி வந்திருந்தார், இரண்டும் ஒரே பச்சை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க, மாறிப்போயிரும்" என்று சொல்லி, தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்துப் பல்லால் கடித்து அறுத்து, ஒன்றின் கழுத்தில் கட்டி, என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "நூல் கட்டினது" என்றார், குக்கர் விசில் அடித்தது, "துங்க" என்று முடிந்தது. உங்களுதுங்க என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? புதுப் பெண்ணின் பொருளுக்குத்தானே ஒருவர் நூல் கட்டுவார், அதில் ஒரு பிரியம் இருக்கிறதல்லவா. இவர் தன் பிரஷுக்குத் தானே நூல் கட்டிக்கொண்டிருக்கிறார். என்னுதுங்க. உங்களுதுங்க. வாலெல்லாம் ஒன்றுதான். மரியாதை அதிகமான ஊர், எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ங்க போட்டு விடுகிறார்கள், அந்த ங்க மட்டும்தான் வெளியூர்க்காரிக்குத் தெளிவாகக் கேட்கிறது. நாற்பத்தாறு வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த அமிர்தவல்லியை ஒரு குக்கர் விசில் இப்படிக் கவிழ்த்துவிட்டது.

சரி, அப்படியென்றால் அந்த இன்னொரு பிரஷ்? சுவரில் அடித்த பிளாஸ்டிக் தாங்கியில் இரண்டாவது ஓட்டையில் நிற்கிறதே, அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு இழை வளையவில்லை. கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி நின்றதோ அப்படியே நிற்கிறது, அடியில் மெல்லிசாகத் தூசி, ஒரு சிலந்தி இழைகூட. ஐயோ. இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன நினைத்தேன் என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது. எவ்வளவு மென்மையான மனிதர் என்று நினைத்தேன். மூன்று மாதம் விளக்கியும் இழை சாயவில்லையென்றால் எவ்வளவு பதமான கை, எவ்வளவு நிதானம், அவசரமே இல்லாத சுபாவம். என் பிரஷோ ஒரே மாதத்தில் பல்லைக் காட்டிவிட்டது, இரண்டாம் மாதம் நாலாபக்கமும் சாய்ந்து மழையில் நனைந்த கோழி மாதிரி ஆனது, அதைப் பார்த்து வெட்கப்பட்டேன், நீ முரட்டுக்காரி, பதினேழு வருஷம் தனியறையில் இருந்து எல்லாவற்றையும் வேகமாகச் செய்யப் பழகிவிட்டாய், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அந்த நாளிலிருந்து மெதுவாக, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு பல்லாக, தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி விளக்கினேன். அப்படியும் சாய்ந்தது. சாயாமல்? காலை ஐந்து மணிக்கு ஒருவர், ஆறு மணிக்கு ஒருவர், இரண்டு வாய் ஒரு பிரஷ். அதுவும் குழந்தைவேலு என்கிற என் வீட்டுக்காரர் டிப்போவில் டைம் கீப்பர், பஸ் கிளம்புகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் எழுதுகிறவர், காலை ஏழரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டுமென்று ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் அவசரமாக முடிக்கிறவர், அவர் கையா பதமான கை. தாங்கியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிரஷைப் பார்த்து நான் ஒரு மனிதரின் குணம் முழுவதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு எது தாங்க முடியவில்லையென்றால், கல்யாணத்துக்கு முன்னால் நான் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. ஈரோட்டில் ஒரு ஓட்டலில் இரண்டு பக்கத்து ஆட்களும் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருக்க, எங்கள் இருவரையும் மூலை மேஜையில் உட்கார வைத்து, பத்து நிமிஷம் பேசுங்கள் என்றார் அண்ணன். பத்து நிமிஷத்தில் ஐந்து நிமிஷம் அவர் உப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். நான்தான் ஆரம்பித்தேன். "எனக்குத் துண்டு, சோப்பு, டம்ளர் எல்லாம் தனியா இருக்கணும். யாரோடதும் நான் தொட மாட்டேன், என்னோடதை யாரும் தொடக்கூடாது. கர்வம் இல்லை, பழக்கம்." அவர் யோசித்தார். "தட்டுங்களா?" என்றார். "தட்டும்தான்." "சரீங்க" என்றார், அவ்வளவுதான், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்கிற மாதிரி மனசில் குறித்துக்கொண்டார். அப்புறம், "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க. பஸ்ல போனா ஜன்னல் சீட்டு வேணும்ங்க" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அண்ணனிடம் சொல்லும்போது மட்டும் நிரந்தர வேலை, கெட்ட பழக்கம் இல்லை என்று வேறு காரணங்கள் சொன்னேன். ஏனென்றால் இருபத்தொன்பது வயதில் ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்றுபோனது இதனால்தான். அந்த வீட்டில் காபி கொடுத்தார்கள், நான் டம்ளர் விளிம்பை முந்தானையால் துடைத்துவிட்டுக் குடித்தேன், யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது, மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார். பெண்ணுக்குச் சுத்தம் ஜாஸ்தி, கூட்டத்துக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். கூட்டத்துக்கு ஆகாதவள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வரனுக்கும் நானே ஒரு சாக்குச் சொன்னேன், மாயவரத்தில் அண்ணன் வீட்டு மாடியறையில் ஒரு துண்டு, ஒரு டம்ளர், ஒரு தட்டு என்று இருந்துவிட்டேன், அதில் துக்கமெல்லாம் இல்லை, என் பொருள் வைத்த இடத்தில் இருக்கும், அது ஒரு நிம்மதி. இப்போது பார், கூட்டத்துக்கு ஆகாதவள் மூன்று மாதம் எட்டு நாளாக இன்னொருவர் பிரஷில் பல் விளக்கியிருக்கிறாள், தனி டம்ளரில் கொப்பளித்து, தனித் துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு.

ஒன்றும் தெரியாமலா இருந்தாய், மூக்கு இல்லையா, நாக்கு இல்லையா. இருந்தது, எல்லாம் சொன்னது, நான்தான் வேறு கதை கட்டினேன். பிரஷ் காலையில் ஈரமாக இருக்கும். அவர் குளிக்கும்போது தண்ணீர் தெறிக்கிறது என்று நினைத்துத் தாங்கியை ஒரு சாண் தள்ளி அடிக்கச் சொன்னேன், அவரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி அடித்தார். இழைகளின் அடியில் செக்கச் சிவந்து ஒரு கறை. அவர் பேஸ்ட் போடுவதில்லை, சிவப்புப் பல்பொடியைப் பிரஷில் ஒற்றிக்கொண்டு விளக்குகிறவர், அந்த டப்பா என் கண் முன்னால் இருக்கிறது, ஆனாலும் நான் அந்தக் கறையை என் ஈறு ரத்தம் என்று முடிவு கட்டினேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், இந்த ஊரிலும் அப்படி ஒன்றில்தான் சேர்ந்திருக்கிறேன். என் கையிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ரத்தம் உறையும் நேரம் பார்த்தேன், அணுக்கள் எண்ணினேன், எல்லாம் சரியாக இருந்தது, அது இன்னும் பயத்தைக் கொடுத்தது, எல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் வருகிறதே என்று. ஒரு மாதம் விட்டமின் சி மாத்திரை சப்பினேன், ரகசியமாக, வந்த கொஞ்ச நாளில் நோயாளிப் பெண்டாட்டி என்று பேர் வாங்க வேண்டாமென்று. அப்புறம் அந்தக் காய்ச்சல். அவருக்கு வந்து படுத்தார், சரியாக இரண்டாம் நாள் எனக்கு வந்தது. கட்டிலின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். எனக்கு ஒரு டிகிரி குறைவு. "பார்த்தீங்களா, நான் உங்க டம்ளரைத் தொடறதில்லை, அதனாலதான் எனக்கு லேசா வந்துருக்கு" என்று சொன்னேன், போர்வைக்குள்ளிருந்து பாடம் நடத்தினேன், "ஆமாங்க, நீங்க சொல்றது சரிதானுங்க" என்றார் அவர் தொண்டை கட்டிய குரலில். காய்ச்சல் விட்டதும் பிரஷை மாற்றிவிட வேண்டும், கிருமி இழைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் என்று தொண்டைப் பரிசோதனைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொல்கிறவள் நான். என் பிரஷை மாற்றினேனா? இல்லை. இன்னும் உழைக்கும் என்று விட்டேன்.

அதுதான் எங்கள் குடும்பத்து வியாதி. எங்கள் வீட்டில் ஒரு பிரஷுக்கு வயது என்று ஒன்று கிடையாது. இழை சாய்ந்தால் கொஞ்ச நாள் சாய்ந்தபடி விளக்குவோம், இன்னும் சாய்ந்தால் திருப்பிப் பிடித்து விளக்குவோம், அப்புறமும் தூக்கி எறிய மாட்டோம், சீப்பு சுத்தம் செய்ய, தையல் மிஷினில் தூசி தட்ட, வெள்ளிக் குத்துவிளக்கின் இடுக்கைத் தேய்க்க. நான் ஒரு பிரஷைப் பதினாலு மாதம் வைத்திருந்தேன் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். இத்தனைக்கும் கிருமிகள் எனக்குப் புதிதில்லை, கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறேன், ஒரே ராத்திரியில் புள்ளி புள்ளியாகப் பூத்து நிற்கும், மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் திருவிழாக் கூட்டம். ஆனால் அவையெல்லாம் அடுத்தவர் கிருமிகள். என் வாய்க் கிருமி என்னோடதுதானே, எனக்கு என்ன செய்யும் என்று ஒரு சொந்தம். அவர் அப்படி இல்லை, காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் தேதியில் பிரஷ் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், சமையல் கியாஸ் வந்த தேதிக்கும் தங்கை பிறந்தநாளுக்கும் நடுவில் பிரஷ், பிரஷ், பிரஷ். வந்த புதிதில் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். இன்றைக்கு அந்த மனிதர் ஒழுங்காகத் தேதி பார்த்துப் பழைய பிரஷைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அதனால் மட்டும்தான் இந்த விஷயம் வெளியே வந்தது. என்னைப் போல ஒரு ஆளைக் கட்டியிருந்தால் சாகும் வரைக்கும் இருவரும் ஒரே பிரஷில் விளக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்போம்.

இப்போது என்ன செய்வது. அருவருப்பு வரவேண்டுமே, ஏன் இன்னும் வரவில்லை, வயிறு புரட்ட வேண்டுமே என்று காத்திருந்தேன், வாஷ் பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்துகூடப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, பசித்தது. எனக்கு அருவருப்பு இல்லை, சரி, அவருக்கு? அவருக்கும் தெரிந்தால்? தனித் துண்டு, தனித் தட்டு என்று ஓட்டலில் உட்கார்ந்து சட்டம் போட்டவள் என் பிரஷையே எடுத்து வாயில் வைத்திருக்கிறாளே என்று நினைக்க மாட்டாரா. வாய் திறந்து சொல்ல மாட்டார், சரீங்க என்பார், அந்த சரீங்கவுக்குள் என்ன இருக்கும் என்று நான் மிச்ச வருஷமெல்லாம் தோண்டிக்கொண்டிருக்க வேண்டும். அண்ணனுக்குப் போன் போகும். என்னம்மா, எதுக்குத் திருப்பி அனுப்பறாங்க என்று அண்ணி கேட்பாள். பிரஷ்தான் காரணம் என்று எந்த வாயால் சொல்வது. ஏழு மணி பஸ், ஒரு பெட்டி, ஒரு டம்ளர். இல்லை, சொல்லவே வேண்டாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. நூல் பிரஷைச் சொன்னபடி குப்பையில் போட்டுவிடலாம், ஆனால் இந்தப் புதுப் பிரஷ்? மூன்று மாதமாச்சென்று இதையும் எடுத்துப் பார்ப்பாரே, பார்த்தால் சிலந்தி இழையோடு நிற்கிறதே. பல்லி விழுந்துவிட்டது என்று இரண்டையும் போட்டுவிடலாமா. பல்லி இரண்டு பிரஷிலும் எப்படி விழும், குதித்துக் குதித்தா. அப்போதுதான் குளியலறை மூலையில் துணி துவைக்கிற கல் கண்ணில் பட்டது. ஒரு இருபத்தைந்து தேய்ப்பு. உட்கார்ந்து தேய்த்தேன், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெருக்கல் குறி மாதிரி இப்படியும் அப்படியும். நல்ல இழை, மசியவில்லை, வாங்கிய கடையில் கேட்டால் தரமான சரக்கு என்பார்கள். கல்லில் அழுத்தித் தேய்த்தேன், கட்டை விரலால் மடக்கினேன், வெந்நீரை ஊற்றினேன், அப்புறம் கொஞ்சம் பேஸ்ட் வைத்துக் கல்லுக்கே பல் விளக்கினேன்.

"அமிர்தம்மா, கல்லுல என்ன உரசறீங்க, காலங்காத்தால எங்க சுவரெல்லாம் கீச்சு கீச்சுன்னு கேக்குது?" என்று கீழிருந்து வீட்டுச் சொந்தக்கார ருக்மணியம்மா குரல் கொடுத்தார். "கறைங்க, ஒரு கறை போகவே மாட்டேங்குது" என்றேன் ஜன்னல் வழியாக. "எலுமிச்சம்பழம் வெச்சுத் தேயுங்க, போயிரும்" என்றார். எலுமிச்சம்பழத்தால் போகிற கறையா இது என்று நினைத்து, நினைத்ததற்கு நானே சிரித்துவிட்டேன், சிரித்தபோது கேட்டின் கொண்டிச் சத்தம். இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது, டைம் கீப்பர் ஒரு நிமிஷம் முன்னே பின்னே வரமாட்டார். நூல் பிரஷைக் குப்பைக் கூடையில் போட்டு, தேய்த்த பிரஷைத் தாங்கியில் செருகி, முகத்தைத் துடைத்து, கதவைத் திறந்தேன். படியேறி வந்தவர் பால் பாக்கெட்டை என்னிடம் கொடுத்தார், அரை லிட்டர், ஜில்லென்று இருந்தது, உள்ளங்கை சூடாக இருந்ததால் ரொம்பவே ஜில். அவர் கையில் இன்னொரு சின்ன உறை. நேராகக் குளியலறைக்குப் போனார். நான் பால் பாக்கெட்டோடு நடையிலேயே நின்றேன்.

"ஏனுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தப் பிரஷ் என்னங்க இப்படி ஆயிருக்குது?"

"எப்படி?"

"நேத்து ராத்திரி வரைக்கும் புதுசா இருந்துச்சுங்களே. இப்ப ஆடு மேஞ்ச மாதிரி இருக்குது." பிரஷைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இழைகளைப் பார்த்தார். டிரிப் ஷீட்டில் நேரத்தை அடித்துத் திருத்திக் கொண்டுவருகிற டிரைவர்களைப் பற்றி அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம், கோபப்பட மாட்டாராம், சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாராம், அவர்களே சொல்லிவிடுவார்களாம். என்னையும் அப்படித்தான் பார்த்தார். நான் ஒரு டிரைவரைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தேன் என்று நினைக்கிறேன், அரை நிமிஷம் இருக்கும்.

"நூல் கட்டினது என்னோடதுன்னு நெனச்சேன்" என்றேன். "அன்னிக்குக் குக்கர் சத்தத்துல சரியா விழலை. மூணு மாசமா அதுலதான் விளக்கறேன். இன்னிக்கு நீங்க சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. அதான் இதைக் கல்லுல தேய்ச்சு... உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு." சொல்லி முடித்ததும் பால் பாக்கெட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் காலில் விழுந்தது. இப்போது சரீங்க என்பார். சொல்லட்டும். எந்த மாதிரி சரீங்க என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுக்கலாம்.

அவர் சரீங்க என்று சொல்லவில்லை. நாற்காலியைத் தேடாமல் அப்படியே வாசல் நிலையில் சாய்ந்தார். "அப்பத் தினமும் வெளக்கிட்டுத்தான் இருக்கறீங்களா?" என்றார்.

"என்னது?"

"இல்லீங்க, உங்க பிரஷ் எப்பவும் காஞ்சே இருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் பார்த்தேன். அப்புறம் சிலந்தி கட்டிருச்சு. நீங்க வெளக்கி ஒரு நாளும் என்ற கண்ணுல படலீங்க. அதனால..." என்று நிறுத்தி, சட்டைப் பொத்தானைத் திருகினார். "நீங்க பல்லே வெளக்கறதில்லீன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

பால் பாக்கெட்டை மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்று சொல்கிறேன், போட்டேன். மூன்று மாதம். ஓட்டலில் துண்டு தனி சோப்பு தனி என்று சட்டம் பேசிய பெண், கிருமி கிருமி என்று போர்வைக்குள்ளிருந்து பாடம் நடத்திய பெண், பல் விளக்காதவள். என் பாடத்தையெல்லாம் இவர் அப்படி நினைத்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார், ஆமாங்க சரிதானுங்க என்று. பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதெல்லாம், ஒரே தலையணையில், ஐயோ, அப்போதெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பேர் சொல்லலீங்க. டிப்போல ஒரு கண்டக்டர்கிட்ட, பக்கத்து வீட்டுல ஒருத்தங்கன்னு சொல்லிக் கேட்டனுங்க."

"என்ன சொன்னார்?"

"அவங்க ஊர்ப் பக்கம் அந்த வழக்கம் இல்லாம இருக்கும்னாருங்க."

"மாயவரத்துல பல் விளக்கற வழக்கம் இல்லையா!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே ருக்மணியம்மா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டார், தண்ணீர்ச் சத்தம் நின்றது. "காவேரியில முங்கி எழுந்த ஊர் எங்க ஊர்! உங்க தாராபுரத்துல ஒரு பிரஷை ஒழுங்கா இது உன்னோடதுன்னு சொல்லக்கூட ஆள் இல்லை, எங்க ஊரைப் பேசறாரா அந்தக் கண்டக்டர்? எந்த ரூட்டு அவர்? மூணு மாசம்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? ஏங்க, நீங்க பல் விளக்குவீங்களான்னு ஒரு வார்த்தை! நான் ரத்தம் எடுத்து டெஸ்டெல்லாம் பண்ணிக்கிட்டேன், தெரியுமா? உங்க பல்பொடியைப் பார்த்துட்டு!"

"அதை எப்படிங்க கேக்கறது?" என்று அவரும் குரலை உயர்த்தினார், கல்யாணமாகி முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டேன், கொஞ்சம் கீச்சென்று இருந்தது, "நீங்க கேப்பீங்களா? டம்ளரைத் தொட்டாலே மூஞ்சி மாறுது! பல்லைப் பத்திக் கேட்டா அடுத்த பஸ்ஸுக்கு ஊருக்குக் கெளம்பிருவீங்களோன்னு இருந்துச்சுங்க எனக்கு. வெளக்காட்டிப் போகட்டும், இருந்தாப் போதும்னு விட்டுட்டனுங்க!"

வெளக்காட்டிப் போகட்டும். டம்ளர் விளிம்பைத் துடைத்ததற்காக ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள், இந்த வீட்டில் பல்லே விளக்காவிட்டாலும் போகட்டும் என்று ஒருவர் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். இதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும், கண் கலங்கியிருக்க வேண்டும், அந்த இடம் அதற்கான இடம்தான். ஆனால் எனக்கு வந்தது கோபம், நல்ல ஆரோக்கியமான கோபம், இத்தனை வருஷம் மாடியறையில் யாரிடமும் காட்ட முடியாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "அதெப்படி போகட்டும்னு விடுவீங்க! விளக்காத ஒருத்தியோட எப்படி இருப்பீங்க, உங்களுக்குச் சுத்தம்னு ஒண்ணு இல்லையா?" என்று கேட்டேன். "கேட்டா ஒரு தப்பு, கேக்காட்டி ஒரு தப்பு, நான் என்னதாங்க பண்ணோணும்?" என்று கேட்டார். தாங்கியைத் தள்ளி அடிக்கச் சொன்னது வந்தது, காய்ச்சல் வந்தது, எங்கள் கல்யாணத்தன்று அவர் தங்கை என் சேலையைப் பற்றிச் சொன்னது, நான் போட்ட குழம்பில் புளி, அவர் ராத்திரி ரேடியோவை அணைக்காமல் தூங்குவது, மூன்று மாதமும் ஒருவருக்கொருவர் சரீங்க சரீங்க என்று ஒதுக்கி வைத்த அத்தனையும் வரிசை கட்டி வந்தது, பால் மேஜையிலேயே கிடந்தது, காபி யாரும் போடவில்லை, ருக்மணியம்மா கீழே வாளியோடு அசையாமல் நிற்பது ஜன்னலில் தெரிந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஏழு இருபது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இந்நேரம் டிப்போ வாசலில் இருந்திருப்பார். சட்டையை மாட்டினார், பொத்தானை மாற்றிப் போட்டார், பையை எடுத்தார், செருப்பைக் காலால் துழாவினார், நான் பின்னாலேயே போய், புளியைப் பற்றி இன்னும் பாக்கி இருந்ததைச் சொல்லிக்கொண்டே பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டேன். பாதிப் படி இறங்கியவர் திரும்பி அண்ணாந்து பார்த்தார், முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மிச்சத்தைச் சாயங்காலம் வந்து பேசிக்கலாமுங்க" என்றார். "அஞ்சு நாப்பதுக்கு வந்துருவேன்."

"வாங்க" என்றேன். "எனக்கு இன்னும் நிறைய இருக்கு."